கார் க்ரோம் பட்டையை வீட்லயே கறுப்பாக்குறது எப்படி: ரெண்டு தடவை சொதப்பி மூணாவதுல கத்துக்கிட்டது

என் வண்டி வெள்ளை செடான், வாங்கி 11 வருஷம் ஆச்சு, நிக்கிறது திருவான்மியூர்ல, கடல் பக்கத்துலயே. இவ்வளவு சொன்னாலே கடலோரத்துல கார் வச்சிருக்கவங்களுக்கு மீதிக் கதை தெரிஞ்சிடும். பாடி பெயிண்ட் இன்னும் நல்லாதான் இருக்கு, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, ஆனா இந்த க்ரோம் இருக்கே, முன்னாடி கிரில்ல ஒரு பட்டை, டிக்கில நம்பர் பிளேட்டுக்கு மேல ஒரு பட்டை, கண்ணாடிக்குக் கீழ நாலு கதவுலயும் ஓடுற கோடு, இதெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியா ஆகி, டிக்கி பட்டை ஒரு ஓரத்துல உரிஞ்சே வந்துடுச்சு. கம்பெனி பார்ட் விலை கேட்டேன், கேட்டுட்டு பேசாம வீட்டுக்கு வந்துட்டேன்.

முதல் தடவை என்ன பண்ணேன்னா, ஒரு ஸ்ப்ரே கேன் கறுப்பு வாங்கி, துடைச்சுட்டு, நேரா மேல அடிச்சேன். அடிச்ச அன்னிக்கு சூப்பரா இருந்துச்சு, போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். மூணு வாரம் கழிச்சு வாட்டர் சர்வீஸ் விட்டேன், பம்ப் தண்ணி பட்டதும் பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி முழுப் பட்டையும் ஒரே தோலா வந்துடுச்சு. சர்வீஸ் பையன் மேல கோவப்பட முடியல, தப்பு முழுக்க என்னுது. ரெண்டாவது தடவை தேய்ச்சேன், ஆனா அரைகுறையா தேய்ச்சேன், அது நாலு மாசம் தாங்குச்சு. மூணாவது தடவை அடிச்சது இப்போ ரெண்டு மழைக்காலம் தாண்டி நிக்குது. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் பெயிண்ட்ல எந்த வித்தியாசமும் இல்ல, அதே கறுப்புதான். தேய்ச்சதுலதான் வித்தியாசம்.

க்ரோம் மேல பெயிண்ட் ஏன் நிக்காதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இது புரிஞ்சா அப்புறம் எந்த ஸ்டெப்பையும் ஸ்கிப் பண்ண மனசு வராது. இப்ப வர்ற கார்ல முக்கால்வாசி இடத்துல க்ரோம்னு நாம நினைக்கறது இரும்பு இல்ல, ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக் மேல முதல்ல மெல்லிசா ஒரு உலோகப் படலம் ஏத்தி கரண்ட் ஓடற மாதிரி பண்ணி, அது மேல செம்பு, அது மேல நிக்கல், கடைசியா க்ரோமியம். பளபளப்பு, தடிமன் எல்லாம் செம்பும் நிக்கலும் கொடுக்கறது, மேல இருக்கற க்ரோமியம் ஒரு மைக்ரான் கூட கிடையாது, தலைமுடி தடிமன்ல நூத்துல ஒரு பங்கு கூட வராது. ஆனா கண்ணாடி மாதிரி வழவழன்னு, ரொம்ப கெட்டியா இருக்கும். பெயிண்ட் புடிச்சுக்கறதுக்கு ஒரு சின்ன பள்ளம் மேடு வேணும், இங்க அது இல்ல. அதே நேரத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் க்ரோம்ல உண்டு, உப்புக்காத்து அது வழியா உள்ள போய் நிக்கலை அரிக்கும், அந்தப் புள்ளிதான் அம்மைத் தழும்பு. ஆகமொத்தம் பெயிண்டுக்கு வழி விடாது, உப்புக்கு மட்டும் வழி விடும், அப்படி ஒரு ஜென்மம்.

மறுபடி க்ரோம் பிளேட்டிங் போடலாமேன்னு கேப்பீங்க. அம்பாசிடர் காலத்துல பம்பரே கனமான இரும்பு, துரு ஏறினா கழட்டி பிளேட்டிங் பட்டறைல குடுத்தா புதுசா வரும். பிளாஸ்டிக் பட்டைக்கு அந்த வேலையை எல்லாப் பட்டறையும் எடுக்காது, எடுத்தாலும் புதுப் பார்ட் விலை வந்துடும். அதுவும் இல்லாம பிளேட்டிங் தொட்டில இருக்கற ஆறு இணைதிறன் க்ரோமியம் புற்றுநோய் வரவைக்கற சரக்கு, ஐரோப்பாவுல 2017 செப்டம்பர்ல இருந்து தனி அனுமதி இல்லாம யூஸ் பண்ண முடியாது, கலிஃபோர்னியா 2023ல ஒரு ரூல் போட்டு அலங்கார பிளேட்டிங்ல இருந்து 2027க்குள்ள எடுக்கணும்னு சொல்லிடுச்சு. டெஸ்லா 2020லயே மாடல் 3ல க்ரோமைத் தூக்கிட்டு கறுப்பு வச்சிடுச்சு. அதனால நீங்க கறுப்பா அடிச்சா ஓட்டை மறைக்க அடிச்சான்னு யாரும் நினைக்க மாட்டாங்க, ஸ்டைலுக்குன்னு நினைச்சுப்பாங்க, நமக்கு அது போதும்.

முதல்ல உங்க பட்டை என்ன பொருள்னு பாருங்க

இதைப் பாக்காமதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தம் ஒண்ணு எடுத்துக்கோங்க. கண்ணாடிக்குக் கீழ ஓடற கோடு பல வண்டில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுல நிறைய வகைக்கு காந்தம் ஒட்டும். ஒட்டலைன்னா நகத்தால தட்டிப் பாருங்க, டக்குனு மொக்கையா சத்தம் வந்தா பிளாஸ்டிக், சின்னதா டிங்னு வந்தா உலோகம். ஐரோப்பிய வண்டில கண்ணாடியச் சுத்தி இருக்கறது பெரும்பாலும் அனோடைஸ் பண்ண அலுமினியம், அது உரியாது, பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போகும், காரமான சோப்பு போட்டுக் கழுவினா இன்னும் சீக்கிரம் வெளுக்கும். இன்னொரு வகை, பிளாஸ்டிக் மேல வெள்ளி ஃபிலிம் ஒட்டினது, வெளிக் கடைல வாங்கி மாட்டற அலங்காரப் பட்டை, கார்னிஷ்னு சொல்வாங்க, நிறைய இப்படித்தான், ஓரத்துல நகம் வச்சா பேப்பர் மாதிரி எழும்பும். அதுல பெயிண்ட் அடிக்காதீங்க, ஃபிலிமை முழுசா உரிச்சுட்டு கீழ இருக்கற பிளாஸ்டிக்ல அடிங்க.

அப்புறம் சில இடத்தைத் தொடவே வேண்டாம். முன்னாடி லோகோ பின்னாடி ரேடார் இருக்கற வண்டி, தானா பிரேக் போடும், முன்னாடி போற வண்டியைப் பாத்து வேகத்தைக் குறைக்கும்னு விளம்பரம் பண்ணுவாங்களே அந்த மாதிரி வண்டில, லோகோ மேலயோ அந்த இடத்து கிரில் மேலயோ பெயிண்ட் அடிச்சா, அதுவும் மெட்டாலிக் அடிச்சா, ரேடாருக்குக் கண்ணு மறைஞ்சிடும். கதவு கைப்பிடியும் என் ஓட்டு இல்ல, தினமும் மோதிரமும் நகமும் சாவியும் படற இடம், என்ன அடிச்சாலும் ஆறு மாசத்துல கீறல் விழும். அதுக்கு வினைல் ஒட்டறது உத்தமம், இல்ல கறுப்பு கைப்பிடியே வாங்கிப் போடுங்க. புதுப்பேட்டைல தேடினா பழைய பார்ட் கிடைக்கும், பேரம் பேசத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போங்க.

என்னென்ன வாங்கணும்

பாதிப் பொருள் பக்கத்து ஹார்டுவேர் கடைல கிடைக்கும். தண்ணி வச்சுத் தேய்க்கற உப்புத்தாள், அதாவது வாட்டர் பேப்பர், 320, 400, 600, 1000, ஒவ்வொண்ணும் ரெண்டு ஷீட்டு, நம்பர் கூடக் கூட நைசு. பாத்திரம் தேய்க்கற பச்சை நார் ரெண்டு, புதுசா, கிச்சன்ல இருந்து எடுத்தா எண்ணெய் இருக்கும், அது தவிர வீட்ல திட்டும் விழும். பனியன் வேஸ்ட் அரைக் கிலோ, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், மாஸ்கிங் டேப், கிளவுஸ். மாஸ்கிங் டேப் மட்டும் ரொம்ப மலிவா இருக்கற மஞ்சள் பேப்பர் டேப் வேண்டாம், நம்ம வெயில்ல ரெண்டு மணி நேரம் இருந்தா கோந்து பாடிலயே தங்கிடும், கார் பெயிண்ட் கடைல கேட்டு வாங்குங்க.

மீதி கார் பெயிண்ட் கடைல. பிரைமர் (அடிப் பூச்சு), கறுப்பு, கிளியர் (மேல அடிக்கற நிறமில்லாத பூச்சு), மூணும் 400 எம்.எல். கேன், ஒரு கார் பட்டைக்கு ஒவ்வொண்ணுல ஒரு கேன் தாராளம். பிரைமர்தான் யோசிச்சு வாங்கணும். ஸ்டெயின்லெஸ், அலுமினியம்னா எட்ச் பிரைமர், அதுல கொஞ்சம் ஆசிட் இருக்கும், உலோகத்தைக் கடிச்சுப் புடிக்கும். பிளாஸ்டிக் க்ரோம்னா நல்லா தேய்ச்சுட்டு எபாக்சி பிரைமர் அடிக்கறதுதான் எனக்குத் தெரிஞ்சு பெஸ்ட், ஆனா அது ரெண்டு டப்பா கலக்கற சமாச்சாரம், கன் வேணும், கம்ப்ரஸர் வேணும். அது இல்லாதவங்க, அதாவது என்னை மாதிரி ஆளுங்க, பிளாஸ்டிக்ல பெயிண்டை ஒட்ட வைக்க அடீஷன் பிரமோட்டர்னு ஒரு ஸ்ப்ரே வரும், அதை மெல்லிசா அடிச்சுட்டு மேல சாதா பிரைமர் அடிக்கலாம். மூணுமே ஒரே பிராண்டா வாங்கிட்டா நல்லது, ஒரு பிராண்ட் பெயிண்ட் மேல வேற பிராண்ட் கிளியர் அடிச்சு சுருக்கம் விழுந்ததை நான் பாத்திருக்கேன், கொதிச்ச பால் மேல ஏடு மாதிரி சுருங்கும்.

கலர் உங்க இஷ்டம். பளபள கறுப்பு அழகு, ஆனா சின்ன தூசி, சின்ன மேடு பள்ளம் எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும். முதல் தடவை பண்றவங்க சாட்டின் கறுப்பு, அதாவது பாதி பளபளப்பு, எடுங்க, நம்ம தப்பை மன்னிக்கற கலர் அது. க்ரோம் ஸ்ப்ரேன்னு ஒரு கேன் விக்கும், மூடில கண்ணாடி மாதிரி மின்னும், அடிச்சா வீட்டு கேட்டுக்கு அடிக்கற சில்வர் மாதிரிதான் இருக்கும், அதுல காசு போடாதீங்க.

கழட்டறதா, மாட்டினபடியே அடிக்கறதா

கிரில் பட்டை, டிக்கி கார்னிஷ் ரெண்டையும் கழட்டிடுங்க. கிளிப், ஸ்குரூ, சில இடத்துல ரெண்டு பக்க டேப். இரும்பு ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, பாடில கோடு விழும், பிளாஸ்டிக் டூல் செட் ஆன்லைன்ல கம்மி விலைக்கு வருது. கிளிப் உடையும், உடைஞ்சே தீரும், வருஷக்கணக்கா வெயில்ல காஞ்ச பிளாஸ்டிக் வேற என்ன பண்ணும், அதனால வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஜி.பி. ரோட்லயோ உங்க ஊர் ஆக்சஸரிஸ் கடைலயோ அதே மாதிரி கிளிப் பத்து வாங்கி வச்சிடுங்க. டேப்ல ஒட்டினதுன்னா ஹேர் டிரையர்ல சூடு காட்டி, பின்னாடி தூண்டில் நைலான் நரம்பை விட்டு இப்படி அப்படி அறுத்தா வந்துடும்.

கண்ணாடிக் கோட்டைக் கழட்ட வேண்டாம்னு சொல்வேன். அது ரப்பர் பீடிங்கோட சேர்ந்து வர்ற பீஸ், மெல்லிசு, லேசா வளைஞ்சா அப்புறம் நேராவே ஆகாது, தண்ணி கதவுக்குள்ள இறங்கும். அதை வண்டிலயே வச்சு மறைச்சு அடிக்கலாம். ஒரு டெக்னிக் சொல்றேன், இது ஒரு பெயிண்டர் அண்ணன் சொல்லிக்குடுத்தது: ரப்பர் உதட்டுக்கு அடில மெல்லிசான நைலான் கயிறை, துணி காயப்போடற கயிறு இருக்கே அதை, வரிசையா சொருகிட்டே போங்க, ரப்பர் கொஞ்சம் தூக்கிக்கும், அப்ப பெயிண்ட் ரப்பருக்கு அடில வரைக்கும் போகும், அடிச்சு முடிச்சு கயிறை உருவினா ரப்பர் திரும்ப உக்காந்து ஓரமே தெரியாது. டேப்பை ரப்பர் மேலயே ஒட்டி அடிச்சா ஓரத்துல வெள்ளிக் கோடு ஒண்ணு தெரிஞ்சுட்டே இருக்கும், சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் கண்ணு அங்கதான் போகும்.

மறைக்கறதுல கஞ்சத்தனம் வேண்டாம். டேப்பை ஒட்டி அதோட பேப்பர், பேப்பர் ரெண்டு மடிப்பா இருக்கணும், ஒரு மடிப்பு நியூஸ் பேப்பர்ல பெயிண்ட் ஊறி உள்ள போயிடும். மீதி வண்டிக்கு மேல பழைய பெட்ஷீட்டோ பிளாஸ்டிக் ஷீட்டோ. ஸ்ப்ரே துகள் காத்துல நாம நினைக்கறதை விட தூரம் போகும், அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல அடிச்சு பக்கத்து வீட்டு வெள்ளை கார்ல கறுப்பு பொடி உக்காந்தா அப்புறம் அசோசியேஷன் மீட்டிங் வரைக்கும் போகும் விஷயம்.

கழுவறது

பாத்திர லிக்விட் போட்டு ரெண்டு தடவை கழுவுங்க. சாதாரணமா கார் கழுவ அதை யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்லுவோம், வேக்ஸ் போயிடும்னு, இங்க நமக்கு வேக்ஸ் போகணும். முக்கியமா வாட்டர் சர்வீஸ்ல வண்டி பளிச்சுனு தெரிய டீசல் துடைச்சு விடுற பழக்கம் பல இடத்துல உண்டு, டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிக்கற பாலிஷ்ல சிலிகான் இருக்கும், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாம பட்டைல உக்காந்திருக்கும், மேல பெயிண்ட் அடிச்சா குட்டிக் குட்டி வட்டமா பெயிண்ட் விலகி மீன் கண்ணு மாதிரி நிக்கும். கழுவிக் காய வச்சப்புறம் ஆல்கஹால்ல நனைச்ச பனியன் வேஸ்ட்டால ஒரே திசைல துடைங்க, துணியைத் திருப்பித் திருப்பி சுத்தமான பக்கத்துல. தின்னர் போட்டுத் துடைக்காதீங்க, என்.சி. தின்னர் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை உருக்கிடும்.

தேய்க்கறது, இதுதான் வேலையே

இங்கதான் என் ரெண்டாவது தடவை கோட்டை விட்டேன். லேசா சொரசொரன்னு ஆனா போதும்னு நினைச்சு நிறுத்திட்டேன். அது போதாது. கணக்கு என்னன்னா, தேய்ச்சு முடிச்சு, துடைச்சு, காய வச்சு, டார்ச் அடிச்சுப் பாக்கும்போது ஒரு இடத்துல கூட பளபளப்பு தெரியக்கூடாது, மழைக்காலத்து வானம் மாதிரி சாம்பலா மங்கி இருக்கணும். எங்க மின்னுதோ அங்கதான் நாளைக்கு உரியும். மூலை, மடிப்பு, எழுத்துக்குப் பக்கத்து இடுக்கு, அங்கல்லாம் பேப்பர் போகாது, பச்சை நாரை சின்னதா வெட்டி பழைய டூத் பிரஷ் காம்புல சுத்திப் போடுங்க.

எப்பவும் தண்ணி வச்சுத்தான். ஒரு பக்கெட்ல தண்ணி, ரெண்டு சொட்டு சோப்பு, பேப்பரை பத்து நிமிஷம் ஊற வச்சுட்டு 320ல ஆரம்பிங்க. காய்ஞ்ச மேனிக்குத் தேய்ச்சா உலோகப் பொடி பறக்கும், நிக்கல் பொடியை மூக்குக்குள்ள ஏத்திக்கறது நல்லதுக்கில்ல, தண்ணி போட்டாலும் மாஸ்க் போடுங்க. க்ரோம் மெல்லிசுதான் ஆனா கெட்டி, அதனால முதல் அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், கை வலிக்கும், சலிக்காம பண்ணுங்க, திடீர்னு மங்க ஆரம்பிக்கும். தேய்க்கத் தேய்க்க அடுக்கு அடுக்கா தெரியும், லேசா மஞ்சள் அடிச்சா நிக்கல் வந்துடுச்சு, செம்பு நிறம் தெரிஞ்சா இன்னும் ஆழமா போயிட்டீங்க, அவ்வளவு தேவையில்ல ஆனா பயப்படவும் வேண்டாம், பிரைமர் மூடிடும்.

உரிஞ்சு நிக்கற இடம் வேற கதை. எழும்பி நிக்கற க்ரோம் பிளேடு மாதிரி, விரலை விட்டு உரிக்கப் போய் எனக்கு கட்டை விரல்ல ஆழமா கிழிச்சுடுச்சு, கெட்டி கிளவுஸ் போட்டுக்கிட்டு பிளேடால சுரண்டி எடுங்க. எவ்வளவு தூரம் எழும்பி வருதோ அவ்வளவும் எடுத்துடணும், ஒட்டிட்டுதானே இருக்குன்னு விட்டா அடுத்த வெயில்ல அது எழும்பும்போது நம்ம பெயிண்டையும் கூட்டிட்டு எழும்பும். எடுத்தப்புறம் க்ரோம் முடியற ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும், 320ல சரிவா தேய்ச்சு, கண்ணை மூடி விரலை ஓட்டினா தெரியாத அளவுக்குக் கொண்டு வாங்க. பள்ளம் பெருசா இருந்தா கொஞ்சம் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பற பேஸ்ட், வச்சுப் பாக்கணும், ஆனா எட்ச் பிரைமர் மேல பட்டி வைக்காதீங்க, ஆசிட்டுக்கும் பட்டிக்கும் ஆகாது, பின்னாடி எழும்பிடும். 320 முடிஞ்சு 400ல ஒரு தடவை, கழுவி, காய வச்சு, மறுபடி ஆல்கஹால். அதுக்கப்புறம் வெறுங்கையால தொடாதீங்க, நம்ம விரல் எண்ணெயே போதும் கெடுக்கறதுக்கு.

தேய்க்க சோம்பல்பட்டு பாத்ரூம் கழுவற ஆசிட்ல ஊற வச்சா க்ரோம் கரைஞ்சிடும்னு வீடியோல காட்டுவாங்க. கரையும், உண்மைதான், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் க்ரோமைக் கரைக்கும். ஆனா கரைஞ்ச தண்ணியை எங்க ஊத்துவீங்க? அந்தப் புகையை யார் மோப்பாங்க? பக்கத்துல பிளீச்சிங் தண்ணி ஏதாவது இருந்து கலந்துச்சுன்னா குளோரின் கேஸ் வரும். ஆசிட் கரைச்சப்புறமும் கீழ நிக்கல் பளபளன்னுதான் இருக்கும், அதையும் தேய்க்கத்தான் வேணும், அப்புறம் எதுக்கு இந்த வேலை.

எப்ப அடிக்கறது

சென்னைல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இந்த வேலையை மறந்துடுங்க. ஸ்ப்ரே பெயிண்ட்ல இருக்கற தின்னர் வேகமா ஆவியாகும்போது அந்த இடம் குளிரும், காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா அந்தக் குளிர்ல தண்ணி படிஞ்சு பெயிண்டுக்குள்ள மாட்டிக்கும், கறுப்பு அடிச்சது பால் கலந்த டீ மாதிரி வெளுத்துடும், இதைத்தான் பிளஷ் அடிச்சுடுச்சும்பாங்க. கோடைலயும் நேர் வெயில்ல அடிக்கக்கூடாது, பட்டை சுட்டுச்சுன்னா பெயிண்ட் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே காத்துலயே காஞ்சு மணல் தூவின மாதிரி உக்காரும். நான் பாத்த வரைக்கும் பிப்ரவரி, மார்ச்ல காலைல ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும், பனி ஈரம் போயிருக்கும், கடல் காத்து இன்னும் ஆரம்பிச்சிருக்காது, நிழல்ல நல்லா செட் ஆகும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊர்னா கேனை கை பொறுக்கற வெதுவெதுப்பு தண்ணில கொஞ்ச நேரம் வைங்க. அடுப்புல காட்டற புத்திசாலித்தனம் வேண்டாம், வெடிக்கும். பக்கத்துல கொசுவத்தி, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் எரியக்கூடாது.

அடிக்கறது

கேனுக்குள்ள குண்டு உருளற சத்தம் வந்தப்புறம் முழுசா ரெண்டு நிமிஷம் குலுக்குங்க. அட்டைல நாலு தடவை அடிச்சுப் பழகுங்க. 20லேர்ந்து 25 செ.மீ. தூரம், அதாவது ஒரு ஜாண். கையை முதல்ல நகர்த்த ஆரம்பிச்சுட்டு பட்டைக்கு வெளிலயே பட்டனை அழுத்தணும், பட்டை முடிஞ்சு தாண்டினப்புறம் விடணும், நடுவுல நின்னா அங்க வழியும். முதல்ல அடீஷன் பிரமோட்டர் ஒரே ஒரு மெல்லிசு கோட்டு, கேன்ல எத்தனை நிமிஷத்துக்குள்ள அடுத்தது அடிக்கச் சொல்லிருக்கோ அதுக்குள்ள பிரைமர். பிரைமர் மூணு கோட்டு, முதல் கோட்டு தூத்தல் போட்ட மாதிரி, கீழ இருக்கறது தெரியணும், தெரிஞ்சா பரவால்ல. ஒரே கோட்டுல மூடிடணும்னு ஆசைப்பட்டாத்தான் வழியும். கோட்டுக்கு கோட்டு பத்து நிமிஷம். அலுமினியம்னா தேய்ச்ச உடனே பிரைமர் அடிச்சுடுங்க, அது காத்து பட்டதுமே மேல ஆக்சைடு கட்ட ஆரம்பிக்கும், மறுநாள்னு வச்சா மறுபடி தேய்க்கணும்.

பிரைமர் ராத்திரி முழுக்க காயட்டும். மறுநாள் 600ல தண்ணி வச்சு லேசா, தடவற மாதிரி தேய்ங்க, தேய்ச்சு கீழ க்ரோம் எங்கயாவது எட்டிப் பாத்தா அந்த இடத்துல திரும்ப பிரைமர். சோம்பேறித்தனம் வரும், வேண்டாம். அப்புறம் கறுப்பு, அதே மாதிரி மூணு நாலு மெல்லிசு கோட்டு. சாட்டின்னா அப்படியே விட்டுடலாம், சாட்டின் கிளியர் அடிச்சா ஆயுசு கூடும். பளபள கறுப்புன்னா கிளியர் கண்டிப்பா வேணும், கறுப்பு அடிச்சு அரை மணி நேரத்துல, இல்ல உங்க கேன்ல போட்டிருக்கற நேரத்துல.

கிளியர்ல ரெண்டு வகை. சாதா கேன் ஒண்ணு, அடில பட்டன் அழுத்தி ஹார்டனர் கலக்கற டூ-கே கேன் ஒண்ணு. டூ-கே கல்லு மாதிரி நிக்கும், பெட்ரோல் பட்டாலும் கலங்காது, சந்தேகமே இல்ல. ஆனா அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. 1984ல போபால்ல கசிஞ்சது மெத்தில் ஐசோசயனேட், இது அதே பொருள் இல்ல, ஆனா குடும்பப் பேர் ஒண்ணு, மூச்சுல போனா ஆஸ்துமா வரவைக்கும், ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். துணி மாஸ்க், கொரோனாவுக்குப் போட்டது, எதுவும் இதுக்கு ஆகாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜோட துகள் ஃபில்டரும் வச்ச மாஸ்க், கண்ணாடி, கிளவுஸ், முழுக்கை சட்டை, திறந்த வெளி, இத்தனையும் இருந்தா அடிங்க. இல்லைன்னா சாதா கிளியரே போதும், நான் அதுதான் அடிச்சேன். ரெண்டு குழந்தை இருக்கற வீட்டு வாசல்ல வேற எதையும் அடிக்க எனக்குத் தைரியம் இல்ல. பட்டன் அமுக்கின டூ-கே கேன் ஒண்ணு ரெண்டு நாள்ல உள்ளயே கட்டியாயிடும், அதனால எல்லாப் பட்டையையும் ரெடி பண்ணி வச்சுட்டுத்தான் அமுக்கணும்.

கடைசி கோட்டு அடிச்சு பதினஞ்சு இருபது நிமிஷத்துல, இன்னும் லேசா பிசுபிசுப்பு இருக்கும்போதே டேப்பை எடுத்துடுங்க, டேப்பை அது மேலயே மடக்கி சாய்வா மெதுவா இழுக்கணும். முழுசா காஞ்சப்புறம் இழுத்தா ஓரம் பல்லு பல்லா பிஞ்சு வரும். மறந்துட்டீங்கன்னா புது பிளேடால ஓரத்துல லேசா கோடு போட்டுட்டு இழுங்க, பிளேடு பாடில படாம.

தப்பு நடந்தா

வழிஞ்சுதுன்னா துடைக்காதீங்க, துடைச்சா இன்னும் கேவலமாகும். விட்டுடுங்க, ரெண்டு நாள் காயட்டும், 1000ல அந்த வழிசலை மட்டும் தேய்ச்சு மட்டமாக்கி, மேல ஒரு கோட்டு. மீன் கண்ணு விழுந்தா கீழ எண்ணெய்னு அர்த்தம், மேல மேல அடிச்சு மூட முடியாது, காய வச்சு தேய்ச்சு சுத்தம் பண்ணிட்டு திரும்ப அடிக்கணும். வெளுத்துப் போனா பதறாதீங்க, ஹேர் டிரையர்ல மிதமான சூடு காட்டிப் பாருங்க, பாதி நேரம் தானா தெளியும், தெளியலைன்னா காஞ்ச நாள்ல லேசா தேய்ச்சு ஒரு கோட்டு. கொசு வந்து ஒட்டிக்கும், எனக்கு ஒட்டுச்சு, அதையும் காஞ்சப்புறம்தான் எடுக்கணும், அப்ப நோண்டினா பள்ளம் விழும்.

எனக்கு ஆன செலவு, தப்பா வாங்கின ஒரு கேனையும் சேர்த்து ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ. நேரம்தான் ஜாஸ்தி, ஒரு சனி ஞாயிறு முழுசா, அதுல ஸ்ப்ரே பட்டனை அழுத்தின நேரம் மொத்தமா அரை மணி நேரம் இருக்கலாம். இவ்வளவு பொறுமை இல்லைன்னா வினைல் ஒட்டிடுங்க, நேரான பட்டைக்கு அது நல்லாவே இருக்கும், பிடிக்கலைன்னா உரிச்சுக்கலாம். ஆனா க்ரோம் ஏற்கனவே புள்ளி விழுந்து உரியுதுன்னா வினைல் மேல அந்தப் புள்ளி எல்லாம் கொப்புளம் மாதிரி தெரியும், அப்ப பெயிண்ட்தான். ஆர்.சி. பத்தி சிலர் கேக்கறாங்க, பாடி கலரை மாத்தினாத்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகணும், இந்தப் பட்டைக்கெல்லாம் இல்ல.

அடிச்ச பட்டையை ஒரு நாள் கழிச்சு மாட்டலாம், ஆனா ஒரு வாரம் கழுவாதீங்க, ஒரு மாசம் வேக்ஸ், பாலிஷ் எதுவும் போடாதீங்க, தின்னர் உள்ள இருந்து முழுசா வெளிய வர அவ்வளவு நாள் ஆகும். வாட்டர் சர்வீஸ் விட்டா பம்ப் முனையை பட்டை ஓரத்துல கிட்டக்க காட்டாம இருக்கச் சொல்லுங்க, பக்கத்துலயே நின்னு சொல்லுங்க. கேன்ல மிச்சம் இருந்தா தலைகீழா புடிச்சு வெறும் காத்து வர்ற வரைக்கும் அழுத்திட்டு மூடி வைங்க, முனை அடைக்காது, கல் பட்டு சின்னதா பேந்தா டச்-அப்புக்கு ஆகும். அப்புறம் வீட்ல பெரியவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, எங்கம்மா ஆயுத பூஜைக்கு புதுசா அடிச்ச கிரில் பட்டை நடுவுல மஞ்சளும் குங்குமமும் குழைச்சு அழுத்தி ஒரு பொட்டு வச்சாங்க, மஞ்சள் கறை கிளியருக்குள்ள இறங்கிடுச்சு, இன்னும் இருக்கு. பொட்டை முன் கண்ணாடில வைக்கச் சொல்லுங்க.